கூழை இளக்கும் ஒரு கரண்டி முளைமாவு

கேழ்வரகு மாவைக் கரைத்து அடுப்பில் வைத்தால் சற்று நேரத்தில் களிபோல இறுகிவிடும். கரண்டியைத் தூக்கினால் கட்டியாகத்தான் விழும். கைக்குழந்தைக்கு அதை ஊட்ட முடியாது. தண்ணீர் விட்டு நீர்க்க வைத்தாலோ, சின்ன வயிறு தண்ணீரிலேயே நிறைந்துவிடும்.

அடுப்பை அணைத்து, கொதி நன்றாக அடங்கி, கூழ் 60 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வந்ததும் முளைகட்டிய கேழ்வரகு மாவு ஒரு சிறு கரண்டி போட்டுக் கலக்குங்கள். சில நிமிடங்களில் கூழ் கரண்டியிலிருந்து ஒழுகத் தொடங்கும்.

இளக்கியது அமைலேஸ் என்ற நொதி. முளைவிடும் விதை, தான் சேமித்த மாவுச்சத்தைக் குருத்துக்கு உணவாக்க இதை உண்டாக்கிக்கொள்கிறது. மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மணிகள் கோத்த நீண்ட சங்கிலி. அமைலேஸ் அதைத் துண்டு துண்டாக நறுக்க, கூழின் இறுக்கம் விட்டுப்போகிறது.

இதே மாவைத் தளதளவென்று கொதிக்கும் கூழில் போட்டால் கூழ் அவ்வளவாக இளகாது. ஆறவைத்தாலும் பலனில்லை. நொதி ஒரு புரதம். நீண்ட இழை ஒன்று மடிந்து சுருண்டு, நடுவே சங்கிலி வந்து பொருந்த ஒரு பள்ளத்தோடு இருக்கிறது. சூடு ஏறினால் மூலக்கூறுகள் வேகமாக அலைந்து அடிக்கடி மோதுகின்றன. பல நொதிகளில் 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஆனால் அதே அலைச்சல் நொதியையும் உலுக்குகிறது. மடிப்புகளைப் பிடித்திருப்பவை பெரும்பாலும் வலுவில்லாத பிணைப்புகள். ஓர் அளவுக்கு மேல் அவை அவிழ, பள்ளம் உருக்குலைகிறது. வெந்த முட்டை மறுபடி பச்சை முட்டையாகுமா?

குளிர் இப்படிக் கெடுக்காது. ஃபிரிட்ஜில் நொதி மந்தமாகும், அவ்வளவுதான். வெதுவெதுப்பானதும் வேலையைத் தொடரும்.

எல்லா நொதிகளுக்கும் எல்லை ஒன்றல்ல. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் கண்டெடுத்த தெர்மஸ் அக்வாட்டிகஸ் பாக்டீரியாவின் நொதி ஒன்று 72 டிகிரியில் சுறுசுறுப்பாக வேலை செய்கிறது, 95 டிகிரியையும் தாங்குகிறது. பிசிஆர் சோதனைகளில் டிஎன்ஏவைப் படியெடுப்பது அதுதான்.

முளைமாவு சத்தானது என்று எல்லோரும் சொல்கிறோம். எந்தச் சூட்டில் சேர்ப்பது என்று சொல்லித் தருவதில்லை. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது. இன்னொன்றும் உண்டு: இளகிய கூழை மறுபடி நன்றாகக் கொதிக்கவிட்டு இறக்க வேண்டும், பச்சை முளைமாவில் கிருமிகள் இருக்கக்கூடும். அந்தக் கொதியில் நொதி செயலிழந்துவிடும். இருந்தாலும், நறுக்கிய சங்கிலிகள் திரும்ப ஒட்டுவதில்லை. கூழ் இளகியேதான் இருக்கும்.