பவரை இறக்கியதும் வேகம் ஏறியது

இரண்டு கட்டடங்களைக் கம்பியில்லாமல் ரேடியோவால் இணைத்திருந்தார்கள். நடுவே 700 மீட்டர். இரண்டு மொட்டைமாடிகளிலும் 23 டெசிபெல் ஆதாயமுள்ள டிஷ், அதாவது அலையை ஒரே திசையில் அந்த அளவுக்குக் குவிக்கும் ஆன்டெனா. குறுக்கே மரமோ சுவரோ இல்லை. ஏனோதானோவென்று பொருத்தினாலும் ஓட வேண்டிய இணைப்பு அது. ஆனால் வாடிக்கையாளர் மூன்று வாரமாகப் புகார் செய்துகொண்டிருந்தார். வேகம் ஏறுவதில்லை, வீடியோ அழைப்பு நின்று நின்று போகிறது என்றார். ரேடியோவின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். சிக்னல் மைனஸ் 31 டிபிஎம். டிபிஎம் என்பது பவரின் அளவு; மைனஸ் எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்க சிக்னல் வலுவானது. அனுப்பும் பவர் 27 டிபிஎம். அந்த ரேடியோவால் முடிந்த உச்சம் அதுதான். பொருத்திவிட்டுப் போன டெக்னீஷியன் வேலைத்தாளில் "சிக்னல் மிக நன்று" என்று எழுதியிருந்தார்.

இரு முனைகளிலும் பவரை 10 டிபிஎம்முக்கு இறக்கினேன். சிக்னல் மைனஸ் 48க்கு வந்தது. அதுவரை கீழ்ப்படிகளில் தடுமாறிக்கொண்டிருந்த மாடுலேஷன் மேல்படிக்கு ஏறி அங்கேயே நின்றது. மாடுலேஷன் என்பது அலையில் தரவை ஏற்றும் முறை; படி ஏற ஏற வேகம் கூடும். புகார் அன்றோடு முடிந்தது. "குறைத்தால் எப்படிச் சார் கூடும்?" என்று அந்த டெக்னீஷியன் பிறகு தொலைபேசியில் கேட்டார். நியாயமான கேள்விதான். காதுக்குள் வாயை வைத்துக் கத்தினால் சத்தம் கேட்கும், சொல் புரியாது. ஏற்பியின் முன்பகுதியில் உள்ள பெருக்கிக்கும் இதே கதிதான். மைனஸ் 30ஐ நெருங்கும் சிக்னல் அதைத் திணறடித்து அலையின் வடிவத்தையே சிதைத்துவிடுகிறது. நான் பொதுவாக மைனஸ் 45க்கும் மைனஸ் 60க்கும் இடையில் வைத்துக்கொள்வேன். மைனஸ் 40ஐ விட வலுத்தால் பவரை இறக்கிவிடுவேன்.

அனுப்பும் பக்கத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தயாரிப்பாளர் தரும் விவரத்தாளில் 27 டிபிஎம் என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். கீழே உள்ள அட்டவணையைப் படித்தால், அந்தப் பவர் மிகத் தாழ்ந்த மாடுலேஷனுக்கு மட்டுமே என்பது தெரியும். அலையின் 256 வெவ்வேறு நிலைகளை, அதாவது புள்ளிகளை, பயன்படுத்தும் 256 குவாம் போன்ற மேல்படிகளுக்கு அதே ரேடியோ பல டெசிபெல் குறைவாகத்தான் தரும். அதற்கு மேல் பெருக்கியை விரட்டினால் அலையின் உச்சிகள் வெட்டுப்படும். மறுமுனையால் புள்ளிகளைப் பிரித்தறிய முடியாது. அட்டவணையைக் கடைசிவரை படிக்கும் பழக்கம் நம் தொழிலில் குறைவு.

டிபிஎம் கணக்கு பலரைப் பயமுறுத்துகிறது. நாலைந்து எண்கள் தெரிந்தால் போதும். 0 டிபிஎம் என்பது 1 மில்லிவாட். 20 என்பது 100 மில்லிவாட், 30 என்பது 1 வாட். மூன்று கூடினால் பவர் இரு மடங்கு, பத்து கூடினால் பத்து மடங்கு. தடையற்ற வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபெல் இழப்பு. அதை ஈடுகட்ட நான்கு மடங்கு பவர் வேண்டும். ஹரால்ட் ஃப்ரீஸ் 1946இல் வெளியிட்ட சமன்பாட்டின் சாரம் இதுதான். 5.8 கிகாஹெர்ட்ஸில் ஒரு கிலோமீட்டருக்கு இழப்பு ஏறத்தாழ 108 டெசிபெல், ஐந்து கிலோமீட்டருக்கு 122, பத்துக்கு 128. உங்கள் பவரோடு இரண்டு டிஷ்களின் ஆதாயத்தையும் கூட்டி, இந்த இழப்பைக் கழித்தால் மறுமுனையில் வர வேண்டிய சிக்னல் கிடைத்துவிடும். கேபிள் இருந்தால் அதன் இழப்பையும் கழிக்க வேண்டும். ஐந்து கிலோமீட்டர், பவர் 20, டிஷ்கள் தலா 23 என்றால் விடை மைனஸ் 56. ஏணியில் கால் வைப்பதற்கு முன்பே இந்த எண் கையில் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

அது இல்லாததால் ஓர் இணைப்பு எட்டு மாதம் நொண்டியதைப் பார்த்திருக்கிறேன். மேலே சொன்ன அதே ஐந்து கிலோமீட்டர் கணக்குத்தான் அதற்கும். பொருத்தியபோது திரையில் வந்தது மைனஸ் 74. உடனே பவரை 27க்கு ஏற்றியிருக்கிறார்கள். மைனஸ் 67 ஆனதும் திருப்தியோடு இறங்கிவிட்டார்கள். இணைப்பு என்னவோ ஓடியது. பக்கத்தில் புதிதாக ஒரு டவர் முளைத்ததும் படுத்துவிட்டது. நான் மேலே ஏறி டிஷ்ஷின் போல்ட்டைத் தளர்த்தி மெல்ல இடப்பக்கம் திருப்பினேன். மைனஸ் 70, 75, 80 என்று சரிந்தது. கீழே நின்றவர் "போச்சு, போச்சு, பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள்" என்று கத்தினார். நிறுத்தாமல் இன்னும் சில டிகிரி திருப்பினேன். எண் ஏறத் தொடங்கி மைனஸ் 49இல் வந்து நின்றது. எட்டு மாதமாக அந்த டிஷ் எதிர்முனையைப் பார்த்தது தன் முதன்மைக் கதிரால் அன்று, பக்கக் கதிரால். டிஷ் நேர்முன்னே அனுப்பும் வலுவான கதிர் முதன்மைக் கதிர்; அதன் ஓரங்களில் கசியும் வலுக்குறைந்த கதிர் பக்கக் கதிர். பக்கக் கதிருக்கும் ஓர் உச்சி உண்டு. இருபுறமும் சற்றுத் திருப்பினால் சிக்னல் குறையும் என்பதால் அதுவே சரியான இடம் என்று தோன்றும். பிறகு பவரை 20க்கு இறக்கினேன். திரையில் மைனஸ் 56. எதிர்பார்க்க வேண்டிய எண் தெரிந்திருந்தால் பொருத்திய அன்றே அந்த 18 டெசிபெல் எங்கே போனது என்று கேட்டிருப்பார்கள்.

டிஷ்ஷை நேர்ப்படுத்தியும் எண் வரவில்லை என்றால் அடுத்த சந்தேகம் நடுவழியின் மேல். 5.8 கிகாஹெர்ட்ஸில் ஐந்து கிலோமீட்டர் பாதையின் நடுவே ஃப்ரெனெல் மண்டலத்தின், அதாவது நேர்கோட்டைச் சுற்றி அலை பரவிச் செல்லும் இடத்தின், ஆரம் சுமார் 8 மீட்டர். அதில் 60 சதவீதமாவது வெட்டவெளியாக இருக்க வேண்டும். கண்ணுக்கு எதிர்முனை தெரிகிறது என்பது போதாது. கூரையை உரசிக்கொண்டு போகும் பாதைக்கு மருந்து உயரம்தான்.

பெரிய டிஷ் போடுவதும் பவரைக் கூட்டுவதும் ஒன்றுதான் என்று சிலர் நினைக்கிறார்கள். பவரைக் கூட்டினால் உங்கள் பேச்சு மட்டும் உரக்கப் போகும். டிஷ்ஷின் ஆதாயம் கூடினால் பேச்சும் உரக்கப் போகும், காதும் கூர்மையாகும். கதிர் குறுகுவதால் பக்கத்து இரைச்சலும் குறையும். சானல் அகலமும் அப்படித்தான். 80 மெகாஹெர்ட்ஸிலிருந்து 20க்கு இறங்கினால் இரைச்சல் 6 டெசிபெல் குறைகிறது; பவரை நான்கு மடங்காக்கியதற்குச் சமம், அதுவும் செலவில்லாமல். கொள்ளளவும் குறையும், மறுக்கவில்லை. ஆனால் நெரிசலான அலைவரிசையில் கீழ்ப்படியில் தடுமாறும் 80ஐ விட, மேல்படியில் அசையாமல் நிற்கும் 20 எவ்வளவோ மேல்.

ஒரு டவரிலிருந்து பல வீடுகளுக்குக் கொடுக்கும்போது இன்னொரு கணக்கு சேர்ந்துகொள்கிறது. 300 மீட்டரில் ஒரு வீடு, 6 கிலோமீட்டரில் ஒரு வீடு. இருவரும் ஒரே பவரில் பேசினால் டவரில் கேட்கும் வேறுபாடு 26 டெசிபெல். தொலைவில் இருப்பவர் பேசும்போது டவர் காதைக் கூர்மையாக்கிக்கொள்ள வேண்டும், அருகில் இருப்பவர் பேசும்போது பொத்திக்கொள்ள வேண்டும். அதனால்தான் பல அமைப்புகளில் ஏற்பு இலக்கு நிலை என்றொரு பெட்டி இருக்கிறது. எல்லா வீடுகளின் சிக்னலும் ஏறத்தாழ ஒரே அளவில் வந்து சேரும்படி, ஒவ்வொரு வீட்டு ரேடியோவின் பவரையும் டவரே இறக்கவோ ஏற்றவோ சொல்லும். அந்தத் தானியங்கி வசதியை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் உச்சத்தில் ஓடவிடுபவர்களை இன்றும் பார்க்கிறேன்.

இனி ரேடியோவின் அமைப்புப் பக்கத்தில் உள்ள தூரப் பெட்டி. பவரை விட அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். அதில் 40 கிலோமீட்டர் என்று போட்டால் ரேடியோ 40 கிலோமீட்டர் எட்டும் என்று நம்புகிறார்கள். அந்த எண்ணுக்கும் எட்டும் தொலைவுக்கும் நேரடித் தொடர்பில்லை; அது காத்திருக்க வேண்டிய நேரம். வானொலி அலை ஒரு மைக்ரோசெகண்டில் 300 மீட்டர்தான் போகும். ஆறு கிலோமீட்டர் போய்த் திரும்ப 40 மைக்ரோசெகண்ட், நாற்பது கிலோமீட்டருக்கு 267. வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஆறு கிலோமீட்டருக்குள் இருக்கும் ஒரு டவரில், "எதற்கும் இருக்கட்டும்" என்று 40 போட்டிருந்தார்கள். அனுப்புவதும் கேட்பதுமாக அந்த டவர் ஓடும் ஒரு சுற்றின், அதாவது ஒரு சட்டகத்தின், நீளம் 2.5 மில்லிசெகண்ட். ஒவ்வொரு சட்டகத்திலும் 227 மைக்ரோசெகண்ட், அதாவது ஒன்பது சதவீதம், வராத பதிலுக்காகக் காத்திருந்து வீணானது. ஏழாகக் குறைத்தோம், விட்டுப்போன கொள்ளளவு திரும்பியது. மிகவும் குறைத்தாலும் ஆபத்துதான். எல்லைக்கு வெளியே விழுந்த வீடு டவரில் பதிவே ஆகாது. வைஃபை வழியில் ஒப்புகைக்குக் காத்திருக்கும் ரேடியோ என்றால் பதில் வந்துசேர்வதற்குள் பொறுமையிழந்து மறுபடி அனுப்பும். சிக்னல் அருமை, மறுஅனுப்பல் மட்டும் எக்கச்சக்கம் என்றால் முதலில் தூரப் பெட்டியைப் பாருங்கள். ஒரே டவரில் ஒத்திசைந்து ஓடும் பல செக்டர்கள், அதாவது திசைக்கு ஒன்றாகப் பல ரேடியோக்கள், இருந்தால், அத்தனைக்கும் ஒரே தூரமும், அனுப்பவும் கேட்கவும் நேரத்தைப் பிரிக்கும் ஒரே பதிவிறக்க விகிதமும் வைக்க வேண்டும். இல்லையேல் ஒன்று கேட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பது பேசத் தொடங்கிவிடும்.

ரேடியோவின் அமைப்பில் நாட்டுப் பெயரை மாற்றிவிட்டோ, 23 டெசிபெல் டிஷ்ஷை மாட்டிவிட்டு ஆதாயப் பெட்டியில் பூஜ்யம் போட்டோ பவர் வரம்பைத் தாண்டுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இதைத் தொழில் ரகசியம்போல் சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நாட்டை மாற்றினால் பவரோடு, ரேடார் இருக்கிறதா என்று கேட்டு விலகும் ஏற்பாடும் மாறிப்போகலாம். 2009இல் புவர்த்தோ ரீக்கோவின் சான் ஹுவானில், விமான நிலையத்துக்கான வானிலை ரேடாரில் குறுக்கீடு தெரிந்தது. அந்த வகை ரேடார்கள் இயங்குவது 5.60 முதல் 5.65 கிகாஹெர்ட்ஸில். குறுக்கீடு வந்தது இதே 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோக்களிலிருந்து. தரையிறங்கும் விமானத்துக்குத் திடீர்க் காற்று மாற்றத்தைக் காட்டவேண்டிய ரேடார் அது. உங்கள் நாட்டில் வரம்பு எவ்வளவு என்று பாருங்கள், பவரையும் ஆதாயத்தையும் கூட்டி அதற்குள் நில்லுங்கள். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

பவரை இறக்கும்போது ஒரு முன்னெச்சரிக்கை. எப்போதும் தொலை முனையை முதலில் மாற்றுங்கள், அருகில் இருப்பதை அப்புறம். சில ரேடியோக்களில் சோதனை முறை இருக்கும். குறித்த நேரத்துக்குள் உறுதிசெய்யாவிட்டால் பழைய அமைப்புக்குத் தானே திரும்பிவிடும். அது தெரியாத காலத்தில், இரவு பதினொரு மணிக்கு 7 டிபிஎம் என்று அடிப்பதற்குப் பதில் மைனஸ் 7 என்று அடித்து, எதிர்முனையைத் தொலைத்துவிட்டு, விடிந்ததும் ஏணியோடு போய் நின்றவன் நான்.