கண் தெரியுது, அப்புறம் எதுக்கு மருந்து?

"கண்ணு பளிச்சுன்னு தெரியுது தம்பி. அதான் மருந்த நிறுத்திட்டேன்."

சுங்கை சிப்புட்டில் மருந்துக்கடை நடத்தும் எனக்கு இது பழகிய பேச்சு. இந்த முறை சொன்னவர், தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்த ஒரு பாட்டி. கண்புரை அறுவை முடிந்து பத்து நாள். கண் சிவந்திருந்தது. கடை விளக்கு கூசியதால் தலையைக் குனிந்தபடியே பேசினார்.

பார்வை தெளிந்தது உள்ளே வைத்த புது லென்ஸால். சொட்டு மருந்து அதற்கில்லை. புரையை உடைத்து உறிஞ்சி எடுக்கும்போது கண்ணுக்குள் காயம் படுகிறது; உடனே புரோஸ்டாகிளாண்டின் போன்ற பொருள்கள் சுரந்து வீக்கத்தைக் கிளப்பும். சொட்டு மருந்து அந்த வீக்கத்தை அடக்கத்தான். பார்வை பலருக்கு ஓரிரு நாளில் வந்துவிடும், வீக்கம் அடங்கவோ வாரக்கணக்கில் ஆகும். சிக்கலே அங்கேதான்.

போத்தலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். பிரட்னிசோலோன் அசிடேட். அடியில் மாவு போல வெள்ளையாகப் படிந்திருந்தது. இந்த மருந்து தண்ணீரில் கரையாது, குலுக்கினால்தான் கலக்கும்.

"குலுக்கிட்டுப் போட்டீங்களா பாட்டி?"

"குலுக்கணுமா?"

ஆக, போட்ட நாள்களிலும் கண்ணில் விழுந்தது பெரும்பாலும் மேல்தண்ணீர்தான். பாட்டியைக் குறை சொல்ல மாட்டேன். லேபிளின் பொடி எழுத்தைக் கண் அறுவை செய்தவர் எப்படிப் படிப்பார்? மருந்து கொடுக்கும் எங்களைப் போன்றவர்கள் குலுக்கியே காட்டியிருக்க வேண்டும்.

இது ஸ்டீராய்டு. பலருக்கு நாளுக்கு 4 வேளையில் தொடங்கி, ஒவ்வொரு வாரமும் ஒரு வேளையைக் குறைத்து, 4 வாரத்தில் நிறுத்துவார்கள். உங்கள் டாக்டர் எழுதிய கணக்கே உங்களுக்கு. சட்டென்று விட்டால் வீக்கம் திரும்பும். அதற்காக மீதியைப் பத்திரப்படுத்தி, பக்கத்து வீட்டுச் சிவந்த கண்ணுக்கும் ஊற்றாதீர்கள். சிலருக்கு ஸ்டீராய்டு வலியே தெரியாமல் கண் அழுத்தத்தை ஏற்றிவிடும்.

இனிப்புநீர் உள்ளவர்களுக்கு விழித்திரையின் நடுப்பகுதி வீங்கும் வாய்ப்பு அதிகம். அது 4 முதல் 6 வாரம் கழித்துக்கூட வரும். அதனால் நெபாஃபெனாக், கீட்டோரோலாக் என்று, வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு அல்லாத இன்னொரு சொட்டும் சேர்த்துக் கொடுப்பதுண்டு. இரண்டுக்கும் நடுவே 5 நிமிடம் விடுங்கள். இல்லையென்றால் பின்னது முன்னதைக் கழுவிவிடும். ஒரு சொட்டு போதும், கண் அதற்கு மேல் தாங்காது, மிச்சம் கன்னத்தில்தான் வழியும்.

பாட்டிக்கு அன்று நான் எதுவும் விற்கவில்லை. சிவப்பும் கூச்சமும் வெறும் வீக்கமாக இருக்கலாம், கிருமித் தொற்றாகவும் இருக்கலாம். கடையில் நின்று பிரித்துச் சொல்ல முடியாது. மருமகனை போனில் கூப்பிட்டு, அறுவை செய்த இடத்துக்கே அன்று மாலைக்குள் அழைத்துப் போகச் சொன்னேன்.