தஞ்சக் கோரிக்கைக்காக ஊரிலிருந்து எழுதும் கடிதம்

சென்ற மாதம் மூதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாய் திருகோணமலையிலுள்ள என் அலுவலகத்துக்கு வந்திருந்தார். லண்டனில் தஞ்சம் கோரியிருக்கும் மகனுக்கு அனுப்புவதற்கென மூன்று கடிதங்களைச் சொப்பிங் பையொன்றில் சுற்றிக் கொண்டுவந்து, அவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து உறுதிப்படுத்தித் தரும்படி கேட்டார். ஒன்று சமாதான நீதவானுடையது, மற்றொன்று கோயில் தலைவருடையது, மூன்றாவது அயல்வீட்டுக்காரருடையது. மூன்றிலும் ஒரே வசனங்கள். போதாததற்கு, 'அச்சுறுத்தல்' என்ற சொல் மூன்றிலும் 'அச்சுறுத்தள்' என்றே இருந்தது. மூன்றையும் தட்டச்சு செய்தது சந்தியிலுள்ள ஒரே கொமினிகேஷன் கடை.

அந்தத் தாய் சொன்னது பொய்யல்ல. மகனைக் கேட்டு இரண்டு தடவை சிவில் உடையில் ஆட்கள் வந்திருக்கிறார்கள். ஆனால் கடிதங்களில் அது 'நாள்தோறும் தேடுகிறார்கள்' என்றாகிவிட்டது. மகனோ தன் தஞ்சக் கோரிக்கை நேர்காணலில் இரண்டு தடவை என்றே சொல்லியிருக்கிறார். உதவி செய்வதாக நினைத்து ஊரார் கூட்டி எழுதுகிற இந்த ஒரு சொல், உண்மையைச் சொன்ன பிள்ளையைப் பொய்யனாக்கிவிடக்கூடும்.

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை, இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகியவற்றில் ஏதேனுமொன்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சம் உண்டா என்று கேட்கிறது. இந்த அச்சம் திரும்பிச் சென்றால் இனி என்ன நேரும் என்பதைப் பற்றியது. பிரித்தானிய மேல்நிலைத் தீர்ப்பாயம் இலங்கைத் தமிழர் தொடர்பில் 2013இலும் 2021இலும் வழங்கிய வழிகாட்டல் தீர்ப்புகளும், ஒருவர் தமிழர் என்பதையோ முன்பு துன்பப்பட்டார் என்பதையோ மட்டும் வைத்து முடிவெடுக்கவில்லை. புலம்பெயர் நாட்டுச் செயற்பாடுகளில் குறிப்பிடத்தக்க பங்கு உடையவராக இலங்கை அரசு அவரைக் கருதுமா, அவர்மீது நீதிமன்றப் பிடியாணை உண்டா என்பன போன்ற கேள்விகளையே முன்வைத்தன. எங்கள் ஊரார் கடிதங்களிலோ 2006 ஜனவரியில் திருகோணமலைக் கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களும், அதே ஆண்டு ஆகஸ்டில் மூதூரில் கொல்லப்பட்ட பதினேழு தொண்டுப் பணியாளர்களும் பக்கக்கணக்கில் இடம்பெறுகிறார்கள். அவை உண்மை, ஆனால் கோரிக்கையைத் தீர்மானிக்கும் அதிகாரி தானாகவே வாசித்து அறியக்கூடியவை. உங்கள் படலையடியில் நடந்தது வேறெங்கும் பதிவாகவில்லை.

நீதிமன்ற ஆவணம் இருந்தால் அதன் நிறை வேறு. 2014இல் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த இலங்கையர் ஒருவரின் வழக்கில், இங்குள்ள சட்டத்தரணிகள் இருவர் தனித்தனியே நீதிமன்றத்திலிருந்து பெற்றனுப்பிய ஆவணங்களைத் தக்க காரணமின்றி ஒதுக்கிவிட முடியாது என்று கூறப்பட்டது. ஆகவே முகவர் 'எடுத்துத் தருகிற' பிடியாணைப் பிரதிக்குப் பணம் கொடுக்க வேண்டாம். சட்டத்தரணி மூலம் நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்துக்கான எழுத்து விண்ணப்பம்) இட்டு, பதிவாளரின் உறுதிப்படுத்தப்பட்ட பிரதியையே பெறுங்கள். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி சிங்களத்தில் இருந்தால், கையொப்பமிட்டவருக்கே அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலிருப்பது வழக்கம். அனுப்புமுன் அதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

சொற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் நான் கண்ட முரண்பாடுகளில் பல இங்கேதான் பிறக்கின்றன. நாங்கள் ஆகஸ்டை ஆவணி என்கிறோம். தமிழ்நாட்டிலிருந்து சென்ற மொழிபெயர்ப்பாளர் 'ஆவணி ஐந்து' என்பதைத் தமிழ் மாதக் கணக்கில் எடுத்துக்கொண்டால் திகதி இரண்டு வாரத்துக்கு மேல் தள்ளிப்போய்விடும். பெரியம்மாவின் மகனை நாங்கள் அண்ணா என்றே அழைப்போம். நேர்காணலில் 'அண்ணாவைப் பிடித்தார்கள்' என்றவர், பிறகு குடும்ப விபரத்தில் தனக்குச் சகோதரர் இல்லையென்று எழுதினால், விளக்கம் கேட்பதற்கு முன்பே சந்தேகம் எழுந்துவிடும். 'முகாம்' என்றால் இராணுவ முகாமா, அகதி முகாமா என்பதும் அப்படியே. இவற்றை வீட்டிலிருந்து தொலைபேசியில் மகனுக்கோ மகளுக்கோ ஞாபகப்படுத்துவது தவறல்ல. ஆனால் என்ன சொல்ல வேண்டுமென்று கதை கட்டிக் கொடுப்பது வேறு விடயம், அதற்கு நான் துணைபோவதில்லை.

அந்தத் தாயின் மூன்று கடிதங்களையும் நான் மொழிபெயர்க்கவில்லை. சமாதான நீதவானும் கோயில் தலைவரும் நேரில் எதையும் கண்டிருக்கவில்லை என்பதால் அவர்களுடையவற்றை விட்டுவிட்டோம். அயல்வீட்டுக்காரரை வரவழைத்துக் கேட்டபோது, மாலையில் மாட்டைக் கட்டிக்கொண்டிருந்த வேளையில் மோட்டார் சைக்கிளில் இருவர் வந்ததையும், ஒருவர் மட்டும் தமிழில் பேசியதையும், மகனின் புதிய தொலைபேசி இலக்கத்தைக் கேட்டதையும் அவர் தன் வாயாலேயே சொன்னார். இரண்டாவது தடவை அவர் வீட்டில் இருக்கவில்லை, அதையும் எழுதினோம். அடையாள அட்டை இலக்கத்துடன் பதினொரு வரியில் சத்தியக்கடதாசி முடிந்தது. பதிவுத் தபாலில் போகும் அதன் உறையை எறியாமல், முத்திரையோடு அங்குள்ள தன் சட்டத்தரணியிடம் கொடுக்கும்படி மகனுக்குச் சொல்லச் சொன்னேன். "இவ்வளவு சின்னக் கடிதம் காணுமா ஐயா?" என்று கேட்ட தாய், பழைய மூன்றையும் மறுபடி பைக்குள் வைக்கப் போனார். அவற்றை வாங்கிக் கிழித்துவிட்டுத்தான் அனுப்பினேன்.