சீட்டுக் கிழிந்த வேலையை அடுத்த இடத்தில் எப்படிச் சொல்வது?

"அந்த வேலையை ஏன் விட்டீங்க?" ராமநாதபுரத்து ஜவுளிக்கடையோ, மண்டபத்து இறால் கம்பெனியோ, ராமேசுவரம் லாட்ஜோ, எங்கே போனாலும் இந்தக் கேள்வி உண்டு. நிறுத்தப்பட்டவர்கள் பெரும்பாலும் "அம்மாவுக்கு முடியல" என்று சொல்லிவைப்பார்கள். நம் பக்கத்தில் இந்தப் பொய்க்கு ஆயுசு கம்மி. பாம்பனில் காலையில் நடந்தது பொழுது சாய்வதற்குள் தங்கச்சிமடத்துக்குத் தெரிந்துவிடும்.

நடந்தது பணிநீக்கம்தானா என்பதையே முதலில் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது ஐஸ் கம்பெனியிலும் மீன் கம்பெனியிலும் ஆளைக் குறைப்பார்கள். தடை முடிந்தும் சிலரைத் திரும்பக் கூப்பிடுவதில்லை. அது ஆட்குறைப்பு, உங்கள் குற்றம் அல்ல. "என்னை வேலையை விட்டு எடுத்துட்டாங்க" என்று தலைகுனிந்து சொல்லாமல், "தடைக்காலத்துல எட்டுப் பேரை நிறுத்துனாங்க, அதுல நானும் ஒருத்தன்" என்று எண்ணிக்கையோடு சொல்லுங்கள். கோயம்புத்தூரில் உட்கார்ந்திருக்கும் மேலாளருக்கு இந்தத் தடை தெரிந்திருக்காது. பி.எஃப். பாஸ்புக்கில் வருஷாவருஷம் ரெண்டு மாசம் காலியாக இருந்தால், 'நிலையில்லாத ஆள்' என்று முடிவுகட்டிவிடுவார். பயோடேட்டாவிலேயே 'தடைக்கால நிறுத்தம்' என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.

வாயால் சொல்வதும் காகிதமும் ஒத்துப்போக வேண்டும். உங்கள் பி.எஃப். அடையாள எண்ணான யுஏஎன்னைக் கொடுத்தால், சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் வெளியே தெரிந்துவிடும். பழைய முதலாளி விலகிய தேதியைப் பதியாமல் விட்டிருந்தால், கடைசிப் பணம் வரவான மாதத்திலிருந்து ரெண்டு மாதம் கழித்து, ஆதாரோடு இணைத்த செல்போனுக்கு வரும் ஓடிபியை வைத்து நீங்களே பதியலாம். தேதியைச் சரிபார்த்துப் போடுங்கள். பிறகு திருத்துவது பெரும்பாடு. ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பியிருந்தால் "விலகினேன்" என்று சொல்லலாம். "அவங்களே எழுதித் தரச் சொன்னாங்களா?" என்று கேட்டால் மட்டும் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும்.

உண்மையிலேயே தப்பு நடந்து நிறுத்தியிருந்தால்? மூன்று விஷயம் போதும்: என்ன நடந்தது, அதில் உங்கள் பங்கு, பிறகு என்ன மாறியது. லாட்ஜ் ரிசப்ஷனில் இருந்த ஒருவர் இப்படிச் சொல்லலாம்: "நைட் ஷிப்டுல கல்லாவுல 3,400 ரூபாய் குறைஞ்சுச்சு. ரெண்டு ரூமுக்கு ரசீது போடாம அட்வான்ஸ் வாங்குனது என் தப்பு. பணத்தைக் கட்டிட்டேன், வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம் பார்த்த மெஸ்ஸுல, ஷிப்ட் மாறும்போது ரெண்டு பேரும் எண்ணிக் கையெழுத்துப் போட்டுத்தான் கல்லாவை ஒப்படைச்சேன்."

இதோடு வாயை மூடிக்கொள்ளுங்கள். எதிரே இருப்பவர் ஏதோ எழுதிக்கொண்டு பேசாமல் இருப்பார். அந்தச் சில நொடி மௌனத்தைத் தாங்க முடியாமல்தான் பலர் மேனேஜரின் குணம், சம்பளப் பாக்கி, யார் யார் கோள்மூட்டினார்கள் என்று கொட்டிவிடுகிறார்கள். வேலை கைநழுவுவது அங்கேதான்.

கடையிலோ லாட்ஜிலோ தொடர்ந்து 6 மாதம் வேலை பார்த்தவரைத் தக்க காரணம் இல்லாமலும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ கொடுக்காமலும் நிறுத்தக் கூடாது என்கிறது தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவு. ஒழுங்கீனத்துக்காக முன்னறிவிப்பு இல்லாமல் நிறுத்துவதென்றால் சாட்சியத்தோடு விசாரணை நடந்திருக்க வேண்டும். அந்த வழக்கைத் தொழிலாளர் துறையில் பேசுங்கள், நேர்காணலில் வேண்டாம்.

விண்ணப்பப் படிவத்தில் விலகிய காரணம் கேட்கும் கட்டம் சின்னதாக இருந்தால் 'நேரில் விளக்குகிறேன்' என்று எழுதலாம். ஆனால் 'எப்போதாவது பணிநீக்கம் செய்யப்பட்டீர்களா?' என்று ஆம், இல்லை கேட்டிருந்தால் உள்ளதை எழுதுங்கள். அடியில் 'எல்லாம் உண்மை' என்று கையெழுத்துப் போடுகிறீர்கள். பின்னாளில் தெரியவந்தால் அந்தப் பொய்யே உங்களை நீக்கக் காரணமாகிவிடும். விசாரிக்க யார் எண்ணைத் தருகிறீர்களோ, அவரிடம் "அண்ணே, கேட்டா என்ன சொல்வீங்க?" என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் பக்கம் வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களுக்கு இன்னொரு சிக்கல். விசாவை முறையாகக் கேன்சல் செய்து வந்தது வேறு, சவூதியில் கஃபீல் (விசா கொடுத்த முதலாளி) 'ஹுரூப்', அதாவது வேலையை விட்டு ஓடிவிட்டார் என்ற புகார், போட்டது வேறு. ஹுரூப் இருப்பதை ஏஜென்டிடம் மறைத்தால் விசா கட்டத்தில் மாட்டும். அதற்குள் மெடிக்கலுக்கும் மற்றதற்கும் பணம் போயிருக்கும். வெளிநாட்டு வேலைக்கான மத்திய அரசின் இமைகிரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்டா என்று பார்த்து, இருப்பதைச் சொல்லி, நிலைமையைச் சரிபார்த்த பிறகு பணம் கட்டுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம் தம்பி" என்று பதில் வந்தால் பாஸ்போர்ட்டைக் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.