5, 0, 15: பைத்தான் ஒரு கோப்பில் எழுதும் விதம்

உங்கள் கணினியில் பைத்தான் என்ற நிரல்மொழி இருந்தால் இதைச் செய்து பாருங்கள். டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) பைத்தானைத் தொடங்கி, 'குறிப்பு' என்ற பெயரில் ஒரு புதுக் கோப்பை எழுதுவதற்காகத் திறங்கள். என்கோடிங், அதாவது எழுத்துகளை பைட்டுகளாக மாற்றும் முறை, யூடிஎஃப்-8 என்று சொல்லிவிடுங்கள். திறந்ததும் கிடைக்கும் ஆப்ஜெக்டின் (கோப்பைக் கையாளும் பொருள்) ரைட் மெத்தடுக்கு (எழுதும் செயல்) 'தமிழ்' என்ற ஒரே ஒரு சொல்லைக் கொடுங்கள். திரையில் 5 என்று பதில் வரும். பைத்தானை அப்படியே விட்டுவிட்டு, இன்னொரு டெர்மினலில் அந்தக் கோப்பின் அளவைப் பாருங்கள். 0 பைட் என்று காட்டும். மறுபடி பைத்தானுக்கு வந்து க்ளோஸ் மெத்தடைக் கூப்பிட்டுவிட்டு அளவைப் பார்த்தால் 15.

ஒரே சொல்லுக்கு மூன்று எண்கள், மூன்றும் சரி. கோப்பைக் கையாள்வது பற்றிய பாடங்கள் திற, படி, எழுது, மூடு என்ற நாலு செயல்களோடு முடிந்துவிடுவது வழக்கம். அவை உள்ளே எப்படி வேலை செய்கின்றன என்று தெரியாமலே வருடக்கணக்கில் நிரல் எழுதலாம்தான். ஆனால் தரவு காணாமல் போகிற அன்று, அதிலும் தமிழ்த் தரவு சிதைந்து போகிற அன்று, காரணம் இந்த மூன்று எண்களுக்கு நடுவில்தான் எங்கேயோ இருக்கும்.

முதலில் திறப்பதைப் பார்ப்போம். நம் நிரலால் வட்டை நேரடியாகத் தொட முடியாது. இயங்குதளத்திடம்தான் கேட்க வேண்டும். ஓபன் என்றதும் பைத்தான் அதைத்தான் செய்கிறது. இயங்குதளம் கோப்பைத் தேடி, இந்தப் பயனருக்கு அனுமதி உண்டா என்று பார்த்து, தன் பட்டியலில் ஒரு பதிவு போட்டுக்கொண்டு, ஒரு சின்ன எண்ணைத் திருப்பித் தருகிறது. கோயில் வாசலில் செருப்பை விட்டால் கொடுக்கும் டோக்கன் மாதிரி: பொருள் அவர்களிடம், எண் நம்மிடம். லினக்ஸில் 0, 1, 2 மூன்றும் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் பிழைச்செய்திக்கும் ஏற்கெனவே போய்விட்டன. அதனால் நாம் திறக்கும் முதல் கோப்புக்குப் பெரும்பாலும் 3 வரும். ஃபைல்நோ மெத்தடைக் கூப்பிட்டால் அது தெரியும். இந்த எண்களுக்கு வரம்பும் உண்டு. பல லினக்ஸ் கணினிகளில் ஒரு நிரலுக்கு 1024 என்பது வழக்கமான அளவு. கோப்புகளைத் திறந்துகொண்டே போய் மூடாமல் விடும் நிரல், நாள்கணக்கில் நன்றாக ஓடிவிட்டு, வரம்பைத் தொட்டதும் புதிதாக எதையும் திறக்க முடியாமல் விழுந்துவிடும்.

எதற்காகத் திறக்கிறோம் என்பதை ஓர் எழுத்தால் சொல்கிறோம். படிக்க 'ஆர்', எழுத 'டபிள்யூ', இருப்பதன் கடைசியில் சேர்க்க 'ஏ'. இதில் 'டபிள்யூ'விடம் எச்சரிக்கை தேவை. கோப்பு ஏற்கெனவே இருந்தால், திறந்த அந்தக் கணத்திலேயே உள்ளே இருந்ததெல்லாம் அழிந்துவிடும். ஒரு எழுத்துகூட எழுத வேண்டாம், திறந்தாலே போதும். பழைய கோப்பின்மேல் தெரியாமல் எழுதிவிடக் கூடாது என்றால் 'எக்ஸ்' இருக்கிறது. பைத்தான் 3.3 முதல் வந்த வசதி இது. அதே பெயரில் கோப்பு இருந்தால் பிழை காட்டி நின்றுவிடும். கற்றுக்கொடுக்கும்போது 'டபிள்யூ'வுக்குப் பக்கத்திலேயே இதையும் சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து.

சரி, ஓபன் நமக்குத் தருவது என்ன? ஒரு ஆப்ஜெக்ட் போலத் தெரிகிறது. உண்மையில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று. அடியில் இருப்பது ஃபைல்ஐஓ. இயங்குதளம் கொடுத்த எண் இதனிடம்தான் இருக்கிறது. இதற்கு பைட்டுகளைத் தவிர வேறொன்றும் தெரியாது. அதன்மேல் பஃபர்டுரைட்டர்: பைட்டுகளை நினைவகத்தில் சேர்த்து வைத்து மொத்தமாகக் கீழே அனுப்பும். எல்லாவற்றுக்கும் மேலே டெக்ஸ்ட்ஐஓராப்பர்: நாம் கொடுக்கும் எழுத்துகளை பைட்டுகளாக மாற்றும். 2008-இல் வந்த பைத்தான் 3-இல்தான் கோப்பு இப்படி அமைந்தது. ஒளிப்படம், ஒலிக்கோப்பு போன்றவற்றை 'பி' சேர்த்துத் திறக்கச் சொல்வதற்குக் காரணமும் இதுவே. 'பி' போட்டால் மேல் அடுக்கு வராது. பைட்டுகள் பைட்டுகளாகவே போகும்.

தரவையும் அதற்கான மெத்தடுகளையும் ஆப்ஜெக்டுகளாகச் சேர்த்து எழுதும் பொருள்நோக்கு நிரலாக்கத்தின் அழகு இங்கே நன்றாகத் தெரிகிறது. மூன்று அடுக்குகளுக்கும் ரைட் என்ற மெத்தட் உண்டு. ஒவ்வொன்றும் தன் வேலையை முடித்துவிட்டு மிச்சத்தைக் கீழே உள்ளதிடம் விட்டுவிடுகிறது. நமக்கு மேலே உள்ளது மட்டும் தெரிந்தால் போதும். பிரிண்ட் கட்டளைக்கு 'ஃபைல்' என்று ஒரு ஆப்ஜெக்டைக் கொடுக்கலாம் அல்லவா? அது வட்டில் உள்ள கோப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எழுத்தை வாங்கிக்கொள்ளும் ரைட் மெத்தட் இருந்தால் போதும். நினைவகத்திலேயே வாழும் ஸ்ட்ரிங்ஐஓ, நாமே எழுதிய கிளாஸிலிருந்து (ஆப்ஜெக்டுக்கான அச்சு) உருவாக்கிய ஒரு ஆப்ஜெக்ட், எதுவானாலும் பிரிண்ட் கவலைப்படாது.

இனி அந்த எண்கள். ரைட் சொன்ன 5 என்பது மேல் அடுக்கின் கணக்கு. கண்ணுக்குத் தெரிவது த, மி, ழ் என்று மூன்று எழுத்து. எழுத்துக் குறிகளுக்கு எண் தரும் பொதுத் தரமான யூனிகோடின் கணக்கில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் யூடிஎஃப்-8 மூன்று பைட் எடுத்துக்கொள்ளும். ஐம்மூன்று பதினைந்து. 'த' என்பது 224, 174, 164 என்ற மூன்று பைட்டாகப் போகிறது; கடைசிப் புள்ளி 224, 175, 141.

அந்த 141-ஐக் கொஞ்சம் கவனியுங்கள். திறக்கும்போது என்கோடிங் சொல்லாமல் விட்டால் பைத்தான் கணினியின் அமைப்பைப் பார்த்துத் தானே ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். லினக்ஸிலும் மேக்கிலும் அது யூடிஎஃப்-8 ஆகவே இருக்கும். ஆங்கில அமைப்பிலுள்ள விண்டோஸில் பெரும்பாலும் சிபி1252 என்ற பழைய மேற்கு ஐரோப்பிய முறை. அதில் 141 என்ற பைட்டுக்கு எந்த எழுத்தும் ஒதுக்கப்படவில்லை. எனவே நம் 15 பைட் கோப்பை அங்கே படித்தால் முதல் 14 பைட்டுகளை ஏதேதோ ஐரோப்பியக் குறிகளாக எடுத்துக்கொண்டு, கடைசி பைட்டில் பிழை காட்டி நின்றுவிடும். அதாவது மெய்யெழுத்தின் புள்ளியில். புள்ளி இல்லாத தமிழ் வாக்கியம் ஒன்றைத் தேடிப் பாருங்கள், எவ்வளவு அரிது என்று தெரியும்.

எழுதும்போது நடப்பது இன்னும் மோசம். 'டபிள்யூ' பழைய உள்ளடக்கத்தை அழித்துவிடும். அப்புறம் தமிழை சிபி1252-ஆக மாற்ற முடியாமல் ரைட் பிழை தரும். பழையதும் போய், புதியதும் எழுதப்படாமல் 0 பைட் கோப்பு மிஞ்சும். 3.15 பதிப்பிலிருந்து எல்லா இயங்குதளத்திலும் யூடிஎஃப்-8-ஐயே இயல்பாக வைப்பது என்று பைத்தான் குழு முடிவு செய்திருக்கிறது. இருந்தாலும் பழைய பதிப்புகள் பல வருடம் புழக்கத்தில் இருக்கும். தமிழில் வேலை செய்கிறவர்கள் ஒவ்வொரு ஓபனிலும் என்கோடிங்கை எழுதியே ஆக வேண்டும்.

நடுவில் வந்த 0, சேர்த்து வைக்கும் இடமான பஃபரின் வேலை. ஒவ்வொரு முறை இயங்குதளத்தைக் கூப்பிடும்போதும் நிரல் தன் ஓட்டத்தை நிறுத்தி இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் போய்த் திரும்ப வேண்டும். ஒரு லட்சம் சின்ன வரிகளுக்கு ஒரு லட்சம் தடவை போய்வந்தால் நேரமெல்லாம் அதிலேயே கரையும். எனவே பைத்தான் சேர்த்து வைக்கிறது. பல கணினிகளில் அதன் பஃபர் அளவு நெடுங்காலமாக 4096 அல்லது 8192 பைட்டாக இருந்துவந்தது. அது நிரம்ப வேண்டும், அல்லது ஃப்ளஷ் என்று சொல்ல வேண்டும், அல்லது மூட வேண்டும். அதுவரை நம் 'தமிழ்' பைத்தானின் நினைவகத்தில்தான் இருக்கும். நிரல் ஒழுங்காக முடிந்தால் பைத்தான் பெரும்பாலும் தானே மூடிவிடும். யாராவது அதைக் கொன்றுவிட்டால் பஃபரில் இருந்தது அதோடு போகும்.

ஆகவே மூடுவதை நம் ஞாபகத்துக்கு விடக் கூடாது. எழுதிக்கொண்டிருக்கும்போது வேறேதோ பிழை வந்து நிரல் பாதை மாறினால், கீழே நாம் எழுதி வைத்த க்ளோஸ் வரியை அது எட்டாமலே போகலாம். 2006-இல் பைத்தான் 2.5-உடன் வந்த 'வித்' இதற்கான தீர்வு. கோப்பு ஆப்ஜெக்டுக்குள் நுழைவுக்கு ஒன்று, வெளியேற ஒன்று என இரண்டு மெத்தடுகள் உண்டு. 'வித்' தொகுதியை விட்டு எப்படி வெளியே வந்தாலும், பிழையோடு வந்தாலும்கூட, வெளியேறும் மெத்தட் கூப்பிடப்பட்டே தீரும். அது கோப்பை மூடும். ஜாவாவில் 2011-இல் ஏழாம் பதிப்பில் இதே வசதி வந்தது. சி++ அதை, ஆப்ஜெக்ட் அழியும்போது தானே ஓடும் டிஸ்ட்ரக்டரிடம் விட்டிருக்கிறது.

படிப்பதில் இவ்வளவு சிக்கல் இல்லை. ரீட் முழுக் கோப்பையும் நினைவகத்துக்குள் இழுக்கும். பெரிய கோப்பென்றால் ஃபார் சுழற்சியில் வரிவரியாக எடுப்பதே நல்லது. ரீடை இரண்டாம் முறை கூப்பிட்டால் எழுத்தே இல்லாத வெற்றுச் சரம் வருகிறதே என்று புதியவர்கள் குழம்புவார்கள். படிக்கும் இடம் கோப்பின் கடைசிக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். சீக் மெத்தடால் 0-க்குத் திருப்பினால் மறுபடி வரும்.

கடைசி எண் 15. மூடியாயிற்று, அளவும் காட்டுகிறது, வட்டில் ஏறிவிட்டதா? இன்னும் இல்லாமல் இருக்கலாம். இயங்குதளமும் தன் பங்குக்கு நினைவகத்தில் சேர்த்து வைக்கிறது. மாற்றங்கள் ஏறக்குறைய 30 விநாடி பழசான பிறகு வட்டுக்கு அனுப்புவது லினக்ஸின் வழக்கமான அமைப்பு. அளவைக் கேட்டால் அந்த நினைவகத்தைப் பார்த்தே பதில் சொல்லிவிடும். இடையில் மின்சாரம் போனால் 15 பைட்டும் போகலாம். கணக்கு வழக்கு, நோயாளி விவரம் போன்று இழக்கவே கூடாத தரவுக்கு ஃப்ளஷ் செய்த பிறகு எஃப்சிங்க் என்ற கட்டளையையும் கொடுக்க வேண்டும். வட்டுக்குப் போய்ச் சேரும்வரை காத்திருக்கச் சொல்லும் கட்டளை அது. அப்போதும் அசல் கோப்பின்மேல் நேரடியாக எழுதாமல், அதே அடைவில் (ஃபோல்டரில்) ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி, எஃப்சிங்க் செய்து, மூடி, பிறகு ரீப்ளேஸ் கட்டளையால் அசலின் பெயரை அதற்குக் கொடுப்பார்கள். பெயர் மாறுவது ஒரே அடியில் நடக்கும் செயல் என்பதால், நடுவில் நிரல் விழுந்தாலும் பழைய கோப்பு முழுதாக இருக்கும், அல்லது புதியது முழுதாக இருக்கும்.