மிதித்தால் நடுங்கும் கார்

குலசேகரத்துக்குப் பக்கத்தில் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "பேச்சிப்பாறைக்கு ஏறும்போது ஆக்சிலேட்டரை அழுத்தினால் காரின் முன்பக்கம் இடமும் வலமுமாக ஆடி நடுங்குகிறது. காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. வீல் பேலன்சிங் இரண்டு முறை செய்தாயிற்று. கண்ணு பட்டிருக்கும் என்று வீட்டில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டிப் பார்த்தார்கள். நடுக்கம் போகவில்லை."

'காலை எடுத்தால் நின்றுவிடுகிறது' என்று கவனித்து எழுதினாரே, அந்த ஒரு வரி போதும். சக்கரத்தில் எடை சமமில்லாமல் இருந்தால், மிதித்தாலும் விட்டாலும் அந்த வேகத்தில் ஆட்டம் இருக்கும். பெரும்பாலும் நாலுவழிச் சாலையில் 80, 90-ஐத் தொடும்போது ஸ்டியரிங்கில் தெரியும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஆடினால் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். வண்டி திக்கித் திக்கி இழுத்து, செக் இன்ஜின் விளக்கும் மினுக்கினால் ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் பக்கம் போக வேண்டும். இழுவை ஏறும்போது மட்டும் வருகிற, பக்கவாட்டில் ஆட்டுகிற நடுக்கம் என்றால் என் சந்தேகம் முதலில் ஆக்சிலின் உள்பக்க, அதாவது கியர்பாக்ஸ் பக்க, ஜாயின்ட் மேல்தான் விழும்.

அவருடையது முன்சக்கர இழுவை கார். கியர்பாக்ஸ் ஒரே இடத்தில் இருக்கிறது. சக்கரமோ பள்ளத்தில் இறங்குகிறது, மேட்டில் ஏறுகிறது, வளைவில் திரும்புகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள ஆக்சில் சாய்ந்த நிலையிலும் ஒரே சீராகச் சுற்ற வேண்டும். லாரிக்கு அடியில் நீள ஷாஃப்டில் பார்க்கிறோமே, சிலுவை வடிவ கிராஸ், அது ஒன்றை மட்டும் இங்கே மாட்டினால் ஆகாது. 30 டிகிரி சாய்வில் ஒருபக்கம் நிமிடத்துக்கு 1000 சுற்று கொடுத்தால், மறுபக்கம் 866-க்கும் 1155-க்கும் இடையில் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை ஏறி இறங்கும். அதனால்தான் கார்களுக்கு வேகம் மாறாத ஜாயின்ட், அதாவது சி.வி. ஜாயின்ட், வந்தது. சக்கரத்தின் பக்கம் பெரும்பாலும் ஆறு குண்டுகள் வைத்தது. கியர்பாக்ஸ் பக்கம் பல கார்களில் டிரைபாட்.

இந்த டிரைபாட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் கீழே வைக்க மனம் வராது. ஷாஃப்டின் முனையில் மூன்று குட்டைக் கால்கள், 120 டிகிரிக்கு ஒன்று. ஒவ்வொரு காலிலும் ஊசி பேரிங் மேல் சுழலும் ஓர் உருளை. இவை ஒரு கப்புக்குள் மூன்று தடங்களில் உட்காரும். சக்கரம் ஏறி இறங்கும்போது ஆக்சிலின் நீளம் கூடிக் குறைய வேண்டும் அல்லவா? உருளைகள் தடத்தில் முன்னும் பின்னும் ஓடி அதற்கு இடம் கொடுக்கின்றன. ஆக்சில் சாய்ந்திருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வோர் உருளையும் ஒரு தடவை போய் வரும்.

போய் வருவது எப்போதும் அதே சின்ன இடத்தில்தான். தினமும் ஒரே இடத்தில் அரைத்து அம்மியின் நடுவில் குழி விழுமே, தடத்திலும் அப்படியே விழுகிறது. காலை எடுத்து வண்டி உருளும்போது உருளை அந்தக் குழியை லேசாகத் தாண்டிவிடும். மிதிக்கும்போது இழுவை முழுவதும் உருளையைத் தடத்தின் சுவரில் வைத்து அழுத்துகிறது. குழியிலிருந்து அது முட்டித்தான் ஏற வேண்டும். அந்த முட்டல் ஆக்சிலை நீளவாக்கில் தள்ளி இழுக்கிறது. மூன்று கால்கள் என்பதால் சுற்றுக்கு மூன்று தடவை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிறிய காரின் டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.8 மீட்டர் ஓடும். 50 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 7.7 சுற்று, மூன்றால் பெருக்கினால் 23 தள்ளல். ஆக்சில் குறுக்காகக் கிடப்பதால் கார் பக்கவாட்டில் ஆடுகிறது. மிதித்தவுடன் காரின் மூக்கு மேலே எழும்பி ஆக்சிலின் சாய்வும் கூடுகிறது. ஏற்றத்தில் இழுவையும் அதிகம். பேச்சிப்பாறை ரோடு இத்தனையையும் ஒரே நேரத்தில் சேர்த்துக் கொடுக்கிறது.

சரி, தடம் இவ்வளவு தேய்வது ஏன்? ஓடிய தூரம் ஒரு காரணம். கிரீஸ் போனது பெரிய காரணம். ஜாயின்டை மூடியிருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறையை பூட் என்பார்கள். அது கிழிந்தால் கிரீஸ் வெளியே தெறிக்கும், மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும். வருடத்துக்கு இரண்டு பருவமழை பார்க்கும் நம் மாவட்டத்தில் இது சீக்கிரம் நடக்கும். நம் தோட்டத்து ரப்பரை அப்படியே பூட்டாகப் பயன்படுத்த முடியாது என்பதையும் சொல்ல ஆசை. எண்ணெய்ப் பசையில் இயற்கை ரப்பர் ஊறி உப்பிவிடும். அதனால் நியோப்ரீன் போன்ற செயற்கை வகைகள்தான். ரப்பர் விளையும் ஊரின் பள்ளிகளிலாவது ஒரு துண்டு ஷீட்டை எண்ணெயில் போட்டுக் காட்டலாம். ஐ.டி.ஐ.களுக்கு வெட்டித் திறந்த ஜாயின்ட் ஒன்று வாங்கித் தரவும் பெரிய நிதி வேண்டாம். கண்ணேறு பேச்சைக் குறைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. எலுமிச்சைக்கு ஆகும் செலவு கொஞ்சம்தான்; அதை நம்பி ஓட்டும் மாதங்களில் தேய்கிற இரும்புதான் நஷ்டம்.

வாசகர் செய்ய வேண்டியது: வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்த பிறகு மட்டும் அடியில் பார்க்கச் சொல்லுங்கள். உள்பக்க பூட்டைச் சுற்றிக் கிரீஸ் தெறித்திருக்கிறதா, கப்புக்குள் ஆக்சில் தளர்ந்து ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். முழுக்கத் திருப்பி ஓட்டும்போது டக் டக் என்று சத்தம் வந்தால் அது வெளிப்பக்க ஜாயின்ட். பூட் மட்டும் இப்போதுதான் கிழிந்திருந்தால், கழுவி, உரிய கிரீஸ் நிரப்பிப் புது பூட் போட்டால் போதும். தடத்தில் நகம் பட்டாலே குழி தெரிகிறது என்றால் ஜாயின்டையோ முழு ஆக்சிலையோ மாற்றத்தான் வேண்டும். அம்மியைப் போல இதைக் கொத்திச் சரிசெய்ய முடியாது.

அதற்கு முன்னால் இன்ஜினைத் தாங்கி நிற்கும் மவுண்டிங்கைக் கட்டாயம் பார்த்துவிடுங்கள். அது அமுங்கியிருந்தால் இன்ஜின் ஒரு பக்கம் தாழ்ந்து, ஆக்சில் எந்நேரமும் கூடுதல் சாய்விலேயே ஓடும். அதைச் சரிசெய்யாமல் மாட்டினால் புது ஜாயின்டும் அதே இடத்தில் குழிவிழத் தொடங்கும்.