சாயம் ஏற்றும் முன் உயிரோடு பாருங்கள்

மண்ணில் சிலியேட்டுகளை, அதாவது மயிர்போன்ற குறுஇழைகளால் நகரும் ஒற்றைச் செல் நுண்ணுயிர்களை, தேடுபவர்கள் எனக்குப் படம் அனுப்பி, "இது பாரமீசியம்தானே?" என்று கேட்பார்கள். அநேகமாக இருக்காது. பாரமீசியம் குளத்து ஆள், மண்ணில் அபூர்வம். முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் கோல்போடாதான். சிறுநீரக வடிவம், ஒரு பக்கம் பள்ளம்.

மண் காய்ந்தால் சிலியேட்டுகள் உடலைச் சுருட்டி உறைக்குள் முடங்கிவிடும். ஈரம் பட்டதும் கோல்போடா முந்திக்கொண்டு எழும், சட்டென்று பெருகும். அதைப் பார்த்துவிட்டு "இந்த மண்ணில் ஒரே இனம்தான்" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். தாமதமாக விழிப்பவையும் உண்டு. நான்கு வாரமாவது பார்க்க வேண்டும்.

ஆஸ்திரிய ஆய்வாளர் வில்ஹெல்ம் ஃபாய்ஸ்னர் 1987-இல் விவரித்த முறையையே நானும் பின்பற்றுகிறேன். காய்ந்த மண்ணைப் பெட்ரி தட்டில் (ஆழமில்லாத வட்டத் தட்டு) பரப்பி, காய்ச்சி வடித்த நீரை ஊற்றுங்கள். மண் மூழ்கக்கூடாது. தட்டைச் சாய்த்து விரலால் அழுத்தினால் கொஞ்சம் நீர் வடிய வேண்டும், அவ்வளவுதான். நுண்ணோக்கியில் பார்க்க, வடிந்ததில் ஒரு சொட்டு போதும்.

அப்புறம்தான் பலர் சறுக்குகிறார்கள். உடனே புரோட்டார்கால் சாயத்துக்கு ஓடுகிறார்கள். குறுஇழைகளின் வரிசை, உட்கருக்கள், வாயமைப்பு எல்லாம் அந்த வெள்ளிச் சாயத்தில் அழகாகத் தெரியும், உண்மைதான். ஆனால் தோலடித் துகள்களின் நிறமும் மிகை நீரை வெளியேற்றும் சுருங்கு குமிழின் துடிப்பும் உயிரோடு இருக்கும்போதுதான் தெரியும். ஒருமுறை நானும் அவசரப்பட்டு, இருந்ததை எல்லாம் சாயத்தில் போட்டுவிட்டேன். துகள் மஞ்சளா, நிறமற்றதா? குறிப்பேட்டில் ஒரு வரிகூட இல்லை. அந்த மாதிரியைப் பெயரிடாமலேயே மூடி வைத்தேன்.

சொட்டின் மேல் மூடும் மெல்லிய கண்ணாடியான கவர்ஸ்லிப்பின் நான்கு மூலையிலும் துளி வாசலின் வைத்து, மெல்ல அழுத்துங்கள். ஓடித் திரியும் செல் மெதுவாகச் சிக்கும்; நசுங்கினால் அளவும் வடிவமும் பொய்யாகிவிடும். நகர்வையும் எழுதுங்கள். ஆக்ஸிட்ரிக்கா போன்றவை குறுஇழைக் கற்றைகளைக் கால்போல ஊன்றி மண்துகள் மேல் ஊர்ந்து போகும், கோல்போடா நீந்தும். குரோஸ்குளோக்னேரியா கிடைத்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்: குட்டிக் குழாயால் பூஞ்சை இழையைத் துளைத்து உள்ளிருப்பதை உறிஞ்சும்!

அளவெடுக்கும்போது ஒன்றிரண்டு செல்லோடு நிறுத்தாதீர்கள். ஒரே இனத்திலேயே, வயிறு நிறைந்தது உருண்டையாகவும் பட்டினி கிடந்தது ஒல்லியாகவும் இருக்கும். பதப்படுத்தினால் உடல் சுருங்கும். எந்த அளவு உயிரோடு எடுத்தது, எது சாயத்துக்குப் பிறகு என்பதைத் தனித்தனியாகக் குறியுங்கள். "புதிய இனம்" என்று அறிவிக்கும் ஆசை வந்தால், சரி, முதலில் பழைய விவரிப்புகளோடு ஒப்பிடுங்கள். சாயமேற்றிய சிலைடுகளை அருங்காட்சியகத்தில் ஒப்படையுங்கள். மிஞ்சிய மண்ணை மட்டும் கொட்டிவிடாதீர்கள். காயவைத்து வைத்தால் உறைக்குள் இருப்பவை மறுபடி எழும்.